நிலாவில் விழுந்த கல்லும் மாடி அக்காவும்

துறைமுகத்தில் அவளை மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் வேலைக்கு வந்தால் உள்ளே போவார்கள், இவள் மேலே போவாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறினால், இறங்குவது வேலை முடிந்த பிறகுதான். தலை போகிற காரியமாக இருந்தாலும் வாக்கிடாக்கியில்தான் பேச வேண்டும். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தக் கப்பல் தாமதம், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் சுடச்சுட மேலே போய்ச் சேரும். அவளுடைய அபிப்பிராயம் கீழே வந்து சேரும். அதில் பாதி யாரும் கேட்காதது.

ஓர் ஆள் உட்காரவும் இன்னோர் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இடமுள்ள கண்ணாடிக் கூண்டு அது. காலடியிலும் கண்ணாடிதான். புதிதாக ஏறுகிறவர்கள் குனிந்து பார்த்ததும் முகம் வெளுத்துக் கம்பியைக் கட்டிக்கொள்வார்கள். அவளோ அந்த உயரத்தில் காலாட்டிக்கொண்டு தேநீர் குடிப்பாள். தரையில்தான் அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். தெருவைக் கடக்கப் பயந்து நிற்கிற கிரேன்காரியை உலகத்திலேயே தான்தான் கட்டியிருப்பதாக அவள் வீட்டுக்காரர் சொல்லுவார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். வாய்க்கு வாடகை கிடையாது என்பதால் அதை ஓய விடமாட்டார்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். கப்பலின் வயிற்றில் இருப்பதை எடுத்துக் கரையில் வைக்க வேண்டும். ஆனால் கப்பலின் அடிவயிறு கூண்டிலிருந்து தெரியாது. அதன் விளிம்பில் சிக்னல்காரர் நிற்பார். பகலில் கையைக் காட்டுவார், பொழுது சாய்ந்தால் விளக்கைக் காட்டுவார். விளக்கு ஒருமுறை பளிச்சென்று அடித்தால், சுமை எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நிறுத்திய பிறகு கேட்டுக்கொள்ளலாம். வெளிச்சத்தைக் கண்டதும் மூளையைக் கேட்காமலே அவள் கை நெம்புகோலை இழுத்துவிடும். இத்தனை வருடத்தில் அவள் சுமையால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்றால், அந்தக் கைதான் காரணம்.

அன்றைக்கு இரும்புக் கம்பிக் கட்டுகள். சூரியன் இறங்கிவிட்டது, மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு பாக்கி இருந்தது. கடைசிக்கு முந்தின கட்டு பாதி உயரம் ஏறியிருந்தது. சுமையைத் தூக்கும் கம்பிவடம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க அவள் கண்ணை மேலே ஓட்டினாள். கிரேன் கையின் நுனிக்குப் பின்னால் மெல்லிய பிறை தெரிந்தது. நிலாவின் மற்றப் பகுதியும், இருட்டாக, வட்டமாக, இருந்தும் இல்லாதது போல மங்கலாகத் தெரிந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்து அணைந்தது.

கை இழுத்துவிட்டது. கம்பிக் கட்டு அந்தரத்தில் குலுங்கி நின்று, இப்படியும் அப்படியும் ஆடியது.

"என்னக்கா ஆச்சு?" என்று வாக்கிடாக்கியில் சிக்னல்காரர் கேட்டார்.

"நிறுத்தச் சொல்லி லைட் அடிச்சீங்களே."

"நான் எங்கக்கா அடிச்சேன்? லைட்டு என் இடுப்புல தொங்குது."

கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுமை விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. கண்ணில் பட்டது எதுவானாலும் சொல்லிவிட வேண்டும் என்பது மேலே ஏறுகிறவர்களின் முதல் பாடம். அவள் ஒரு நொடி யோசித்து, பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நிலாவுல இருந்து அடிச்சுது."

வாக்கிடாக்கியில் பேசுவது துறைமுகம் முழுக்கக் கேட்கும். எங்கிருந்தோ ஒருவன் சிரித்தான், அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் காலை அவள் மாடி அக்கா இல்லை, நிலா அக்கா.

சிரிப்போடு போயிருந்தாலும் தேவலை. பாதுகாப்பு அதிகாரி சிரிக்காத மனிதர். இல்லாத வெளிச்சத்தைப் பார்க்கிறவர் கையில் அத்தனை டன் இரும்பை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அதில் தப்பும் இல்லை. அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, மேலே பார், கீழே பார் என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியல. வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

அவள் அதற்கும் பொய் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவுக்கு இருந்தது. கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "யாரு லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறது?" என்று கேட்டார். யாரும் அணைக்கவில்லை. அப்படி மின்னத் தொடங்கிய கண்ணில் ஒரு பக்கமாகத் திரை இறங்கியது, பிறகு மறு கண். மழைக்காலம் முடிவதற்குள் அவர் சுவரைத் தடவித் தடவி நடந்தார். அவர் கையைப் பிடித்துத் தட்டில் வைத்துச் சோறு இங்கே, குழம்பு இங்கே என்று காட்டியவள் இவள்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படின்னா ஒண்ணும் இல்லைன்னு நான் உறுதி சொல்ல முடியாதும்மா. கொஞ்ச நாள் போகட்டும், மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் உயரம் வேண்டாம்."

அவளை வடக் கொட்டகையில் போட்டார்கள். கிரேன்களின் கம்பிவடங்கள் அங்கேதான் சோதனைக்கு வரும். பருத்தித் துணியால் வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி சிக்கும். கண்ணைவிட விரலுக்குத்தான் அங்கே வேலை. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது, ஏனென்றால் அவள் கண்ணை நம்புவதை விட்டுவிட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே எது பளபளத்தாலும் நெஞ்சு திக்கென்றது. தண்ணீரில் வெயில் பட்டால், யாராவது ஜன்னலைத் திறந்தால், எதிரே வருகிறவர் கைக்கடிகாரம் மின்னினால், இது வெளியே இருக்கிறதா, என் கண்ணுக்குள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டாள். நிலா இருக்கிற மாலைகளில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்காரருக்கு இது தெரியாது. அவர் கடையில் நாற்காலியில் உட்காருகிற அத்தனை பேருக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லார் வீட்டுலயும் பொண்டாட்டி கண்ணைக் காட்டினா புருஷன் நிப்பான். என் வீட்டுல நிலா கண்ணைக் காட்டுச்சு, கிரேனே நின்னுடுச்சு." தினமும் கொஞ்சம் கை, கால், மூக்கு வைத்ததில் கதை நன்றாக வளர்ந்திருந்தது. கேட்பதற்கென்றே சிலர் முடி வளராமலே வந்தார்கள்.

ஒருநாள் மதியம் கடையில் மின்சாரம் இல்லை. அவர் சாப்பிட வீட்டுக்கு வந்தார். அது அவளுக்கு விடுமுறை நாள். சமையலறையில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கை அலமாரி விளிம்பைத் தடவிக்கொண்டு போனது. உப்பு டப்பாவைத் தொட்டாள், மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், மூடி வைத்தாள். அடுத்து சர்க்கரை. அடுப்பின் திருகை விரலால் தேடினாள். அது கிடைக்கவில்லை, கை சூடான சட்டியில் பட்டு விருட்டென்று பின்னால் வந்தது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னம்மா பண்றே?"

"பழகிக்கிறேங்க," என்றாள்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். அவளைக் கட்டியதிலிருந்து அவருக்குப் பதில் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். பிறகு வந்து, அவள் கையைக் குழாயடியில் பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, சூடு ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் இதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் சொன்னதில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டால் மிச்சம் இதுதான். அந்த வாரம் ஒரு வாடிக்கையாளர், "எங்கே நிலா கதை? இவருக்குச் சொல்லுங்க, இவர் கேட்டதில்லை," என்றார். நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவர் ஊருக்கு வெளியே குன்றின் மேலுள்ள தொலைநோக்கி நிலையத்தில் வேலை பார்க்கிறவர். எப்போதாவது வருவார், அதிகம் பேசமாட்டார். வீட்டுக்காரர் கதையை இந்த முறை கை, கால் வைக்காமல் சொன்னார். பிறையின் இருட்டுப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அவள் சுமையை நிறுத்தினாள், இப்போது கண்ணை மூடிக்கொண்டு சமைக்கப் பழகுகிறாள், அவ்வளவுதான்.

நுரைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்தன.

"இருட்டுப் பக்கத்துலயா? எந்த நாள்?"

நாள் வீட்டுக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குத்தான் கடையில் குழாய் வெடித்து, ஒரு வாடிக்கையாளர் பாதித் தலையோடு ஓடிப்போனார். அதைச் சொன்னதும் குன்றுக்காரர் துண்டைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு எழுந்தார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்தது. "நான் உங்க வீட்டம்மாவைப் பார்க்கணும்," என்றார். அந்தக் கடையிலிருந்து பாதி வேலையில் ஓடிய இரண்டாவது ஆள் அவர்.

வடக் கொட்டகையில், எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே, ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அவர் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். குன்றின் மேல் ஒரு கேமரா நிலாவின் இருட்டுப் பகுதியையே பார்த்துக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து கற்கள் அங்கே விழுந்துகொண்டே இருக்கின்றன. இங்கே விழுகிற கல் காற்றில் எரிந்துவிடும். அங்கே காற்று இல்லை, அதனால் வந்த வேகத்தில் நேராகத் தரையில் மோதும். மோதிய இடம் ஒரு கணம் எரியும். அன்றைக்கு அந்தக் கேமராவில் ஒரு வெளிச்சம் பதிவானது. இத்தனை வருடத்தில் அவர்கள் கண்டதிலேயே பெரியது.

"தண்ணிக் குடத்தைவிடக் கொஞ்சம் பெரிய கல்லா இருக்கும்னு நினைக்கிறோம். அந்த நேரம் நிலாவைப் பார்த்துக்கிட்டிருந்த யார் கண்ணுக்கும் சும்மாவே தெரிஞ்சிருக்கும். ஆனா நேர்ல பார்த்தேன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

அவள் துணியை வடத்தின் மேல் வைத்தபடியே நின்றாள். "குடம் அளவுக் கல்லா? அது அங்க விழுந்தது இங்க வரைக்கும் தெரியுமா?"

"தெரிஞ்சுதே," என்றார் அவர்.

பாதுகாப்பு அதிகாரிக்கு இது போதவில்லை. கேமரா பார்த்ததும் இவள் பார்த்ததும் ஒன்றுதான் என்று யார் சொன்னது என்றார். கிரேன் எப்போது நின்றது என்பதை கிரேனே குறித்து வைத்திருந்தது. அதையும் கேமராவின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கல் விழுந்ததற்கும் அவள் கை இழுத்ததற்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்புதான் இருந்தது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாமே டாக்டருக்குத் தொலைபேசியில் பேசினார். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதால் டாக்டரும் சரி என்றுவிட்டார். வருகிற வாரம் அவள் கிரேனில் ஏறலாம்.

"வேண்டாம் சார். நான் கொட்டகையிலயே இருந்துக்கிறேன்," என்றாள் அவள்.

ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். சிக்னல்காரர் கெஞ்சினார், இப்போது மேலே இருக்கிறவன் தேநீர் இடைவேளையில்கூட வாயைத் திறப்பதில்லை, வேலையே சப்பென்று போய்விட்டது என்றார். அவள் அசையவில்லை. வீட்டில் வீட்டுக்காரர் கேட்டபோதுதான் காரணம் வந்தது.

"கேமரா பார்த்துச்சு, சரி. கிரேன் நின்னுச்சு, சரி. எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டு நான் பார்த்தேன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியலையேங்க. இப்ப ஒரு லைட் அடிச்சா அது நிஜமான்னு நான் ஒரு தடவை யோசிப்பேன். நான் யோசிக்கிற நேரத்துல கீழ ஒருத்தன் செத்துருவான்."

அவள் பயம் நியாயமானது, அவருடைய சமாதானம் எதுவும் அதன் பக்கத்தில் போகாது.

சில வாரங்கள் கழித்துக் குன்றுக்காரர் ஆளனுப்பினார். நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கலம் ஒன்று அந்த இடத்துக்கு மேலே போயிருக்கிறது, படம் வந்திருக்கிறது, நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று. அவளுக்குப் போக மனமில்லை. வீட்டுக்காரர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து நின்றதால் போனாள். அவர் கடையைப் பூட்டுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

தொலைநோக்கி நிலையம் என்றதும் அவள் என்னென்னவோ நினைத்திருந்தாள். உள்ளே ஓர் அறை, மின்விசிறி, காப்பிக் கறை படிந்த மேசை, ஒரு திரை, அவ்வளவுதான். குன்றுக்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். இந்த முறை இரண்டு கன்னமும் மழித்திருந்தார்.

"ரெண்டு படம் இருக்கு. ஒரே இடம்தான். ஒண்ணு கல் விழறதுக்கு முன்னாடி எடுத்தது, இன்னொண்ணு பின்னாடி. மாத்தி மாத்திக் காட்டுறேன், பாருங்க."

திரையில் சாம்பல் நிறத் தரை வந்தது. குழி, குழிக்குள் குழி, அம்மைத் தழும்பு போல எங்கே பார்த்தாலும் குழி. பெரியது, சிறியது, பாதி மூடியது. ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு கல் வந்து இறங்கிய இடம், ஒவ்வொன்றும் ஒருமுறை பளிச்சென்று எரிந்த இடம் என்று அவளுக்குப் பட்டபோது மேல் சிலிர்த்தது. இத்தனை வெளிச்சங்களையும் பார்க்க யாரும் இல்லாமலேயே அவை எரிந்து அணைந்திருக்கின்றன. படம் மாறியது. அதே தரை. மறுபடி மாறியது.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு," என்று வீட்டுக்காரர் கழுத்தை நீட்டினார்.

அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது, கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. குன்றுக்காரர் மூன்றாவது முறை மாற்றினார். மாற்றிய அதே கணத்தில் அவள் விரல் திரையின் கீழ் மூலைக்குப் போய்விட்டது. யோசித்துப் போனதாகத் தெரியவில்லை.

"இது."

விரல் நகத்தின் நுனியளவு ஒரு புள்ளி. முந்தின படத்தில் அங்கே வெறும் தரைதான். இந்தப் படத்தில் ஒரு குட்டிக் குழி, அதைச் சுற்றி மாவு சிதறியது போல வெள்ளையாக ஒரு தெறிப்பு.

"அதேதான். நாங்க கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிச்சுது," என்றார் குன்றுக்காரர்.

"எங்கே? எங்கே?" என்று வீட்டுக்காரர் திரையில் மூக்கு இடிக்கத் தேடினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீங்கதான் கண் டாக்டரைப் பார்க்கணும் போல," என்றார் அதிகம் பேசாத அந்த மனிதர்.

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, வந்ததும் நிற்கத் தெரியாமல் அழுகையாகிவிட்டது. வீட்டுக்காரர் துண்டை நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். குழி அங்கேயே இருந்தது.

"எவ்வளவு பெருசுங்க அது?"

"ரெண்டு லாரியை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிறுத்தலாம். ஒரு மாடி ஆழம் இருக்கும்."

"மண்ணு சரிஞ்சு மூடிடாதா?"

"அங்க மழை இல்ல, காத்து இல்ல. லட்சக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். நாம எல்லாரும் போன பிறகும், இந்தத் துறைமுகம் போன பிறகும்."

கோடானுகோடி வருடமாக எங்கேயோ அலைந்துகொண்டிருந்த ஒரு கல். அது வந்து இறங்குகிற அந்த ஒரு நொடியில், வடத்தைப் பார்க்க ஏறிய தன் கண் எதற்காக அதையும் தாண்டி அங்கே போனது என்று அவளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு பெரிய வானத்தில் இது தனக்கு எப்படிக் கிடைத்தது என்று வியந்தாள். பயம் என்று ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்த இடத்தை அவள் தேடிப் பார்த்தாள், அது அங்கே இல்லை.

குன்றுக்காரர் படத்தை மூடப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முகம் மாறியிருந்தது, புருவம் நெருங்கியிருந்தது. சுமை இறங்குகிற ஒவ்வொரு முறையும் கூண்டிலிருந்து அவள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. தரையில் இருந்த மாதங்களில் அதைக் கேட்க அவளுக்கு அவசியமே வரவில்லை.

"கல் இறங்கறப்போ கீழ யாரும் இல்லையே?"

குன்றுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு, ஒரு சிக்னல்காரர் சொல்வது போலவே சொன்னார்.

"யாரும் இல்லைங்க. அந்த இடத்துக்கு யாரும் போனதே இல்ல."

"அப்ப சரி," என்று எழுந்தாள். "வாங்க, போகலாம். நாளைக்குக் காலையில நான் மேல ஏறணும்."